இரண்டு பேர் ஆட்டம்

போன வாரம் சுங்கைப் பட்டாணியில் ஒரு புதுக் காப்பிக் கடைக்குப் போயிருந்தேன். உட்காரவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு மேசையைத் தடவிக்கொண்டே நின்றேன்.

வெயிட்டர் பையன் ஓடி வந்தான். "ஆன்ட்டி, டேபிள் எல்லாம் தொடச்சாச்சு லா. நம்பி உக்காருங்க."

"தம்பி, இதுல விளையாடலாமா?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வயதானவர்கள் திடீரென்று இப்படி ஏதாவது கேட்டால் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அப்புறம் குனிந்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த கறுப்புத் திரையைக் கவனித்தான். "ஓ... இதுவா! இது ஸ்பாயில் ஆன்ட்டி. டெக்கரேஷன் மட்டும்தான். எங்க போஸ் பழைய சாமான் கடையில வாங்குனது."

அந்த டெக்கரேஷன் மேல் என் காப்பியை வைத்துவிட்டுப் போனான். எனக்கோ காப்பியைக் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. அந்தக் கண்ணாடி மேல் எதையும் வைக்கக்கூடாது... அடுத்து ஆடப்போகிறவரின் இருபது காசைத் தவிர. எண்பதுகளில் அதுதான் சட்டம். ஓரத்தில் காசை வைத்துவிட்டால் அடுத்த முறை உங்களுடையது. எவ்வளவு பெரிய ரௌடியாக இருந்தாலும் அந்தக் காசைத் தொட மாட்டான். இன்று பாங்கில் நம்பர் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றால்கூட அந்த நிம்மதி இல்லை.

இளைய வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம் என்றால் அப்போது போனில் இல்லை, வீட்டில் இல்லை. டவுனில், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இருந்தது. நின்றுகொண்டு ஆடும் பீரோ மெஷின்கள் நிறைய. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் மேசை மெஷின் ஒன்றோ இரண்டோ. மேசை மெஷினில் ஒரு விசேஷம் உண்டு. உங்கள் கப்பல் வெடித்ததும் படம் அப்படியே தலைகீழாகத் திரும்பி எதிரே இருப்பவருக்கு நேராகிவிடும். அவர் ஆடுவார், நீங்கள் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கப்பல் வெடித்தால் மறுபடி உங்களுக்கு.

ரப்பர்த் தோட்டத்துப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா?

மழைதான் காரணம். பள்ளியில் ஃபார்ம் ஃபைவ் முடித்துவிட்டு டவுனில் டைப்பிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். கிளாஸ் மூன்று மணிக்கு முடியும். சுங்கை லாலாங் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போகும் பஸ் ஐந்து மணிக்கு. ஒருநாள் கொட்டிய மழையில் ஒதுங்கிய இடம் அந்த விளையாட்டுக் கடை. உள்ளே சிகரெட் புகை, காதைப் பிளக்கும் டுப் டுப் சத்தம், ஒருவர் விடாமல் ஆண் பிள்ளைகள். முதலாளி ஒரு சீனர். எல்லாருக்கும் அவர் 'தவுக்கே'தான். நான் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, தன் கவுண்டருக்குப் பக்கத்தில் இருந்த மேசை மெஷினைக் காட்டினார். இங்கே உட்கார், யாரும் வம்பு பண்ண மாட்டார்கள் என்றார் மலாயில்.

உட்கார்ந்தேன். சும்மா உட்கார முடியுமா? காசு போட்டேன். மழை விட்டது. நான் விடவில்லை.

நன்றாக ஆடினேன் என்று சொன்னால் தற்பெருமையாகிவிடும். அதனால் என்ன, சொல்கிறேன்... மிக நன்றாக ஆடினேன்! பின்பக்கத்துப் பையன்கள் தங்கள் பீரோ மெஷினை விட்டுவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிற அளவுக்கு ஆடினேன்.

இதற்கிடையில் பினாங்கிலிருந்து ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கிலாங்குக்கு ஆள் எடுக்க வந்தார்கள். ஃபேக்டரியை நாங்கள் அன்றும் இன்றும் கிலாங் என்றுதான் சொல்வோம். ஓட்டை ஓட்டையாக இருந்த ஒரு பலகையைக் கொடுத்து, சின்ன இடுக்கியால் ஊசிகளை எடுத்துச் செருகச் சொன்னார்கள். அதுதான் டெஸ்ட். மற்ற பெண்கள் பாதி முடிப்பதற்குள் நான் முடித்துக் கையைக் கட்டிக்கொண்டேன். வீட்டில் தையல் வேலை செய்வாயா என்று டெஸ்ட் வைத்த பெண்மணி ஆச்சரியமாகக் கேட்டார். நான் அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

வேலை கிடைத்தது. அப்பாவின் பேச்சு நின்றது.

அப்பா எங்கள் தோட்டத்தில் பால் லோரி டிரைவர். ரப்பர்ப் பாலைத்தான் சொல்கிறேன். சத்தம் போடுகிறவர் இல்லை, அடிக்கிறவரும் இல்லை. ஒரே பிள்ளை நான். பினாங்கு, ஹாஸ்டல், நைட் ஷிஃப்ட்... இந்த மூன்றையும் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். கிலாங்குக்குப் போகிற பெண்களைப் பற்றி அப்போது தோட்டத்து லயத்து வீடுகளில் என்னென்ன பேசுவார்கள் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்கு அது பெரிதில்லை. பிள்ளை வீட்டை விட்டுப் போகிறதே என்பதுதான். அதைச் சொல்லத் தெரியாமல் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

பேசுவதை நிறுத்தினார் என்றால் பேசாமலே இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் அம்மா வழியாக.

"அந்தப் புள்ளையக் கொழம்பு ஊத்திக்கச் சொல்லு."

அந்தப் புள்ளை நான்தான். அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பேன். அம்மா என் பக்கம் திரும்பி, "கொழம்பு ஊத்திக்கணுமாம்" என்பார். "போதும்னு சொல்லுங்கம்மா" என்பேன். அம்மா அந்தப் பக்கம் திரும்புவார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தபால் சேவை நடந்ததா? நம் அப்பாக்களுக்குக் கோபம் வந்தால் அம்மாக்களுக்குத்தான் கழுத்து வலி.

கிட்டத்தட்ட ஒரு மாதம் இப்படியே ஓடியது. பினாங்குக்குப் புறப்பட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் வாயால் ஒரு வார்த்தை வராமல் என்னால் பஸ் ஏற முடியாது. அந்த வேலையும் எனக்கு வேண்டும். அழுகையாக வந்தது.

ஞாயிறு காலை டவுன் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அம்மா மீன், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவார். அப்பா கோயில் வாசலில் கூட்டாளிகளோடு நின்று பேசுவார். அந்த அரை மணி நேரத்தில் நான் நழுவி விளையாட்டுக் கடைக்குப் போய்விடுவேன். அன்றும் போனேன். ஆட்டம் பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பையன்களின் சலசலப்பு திடீரென்று நின்றுவிட்டது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. கடைசிக் கப்பலும் வெடித்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேலை செய்கிறவர்கள் எல்லாக் கோயில் வாசலிலும் இருப்பார்கள்தானே! கிலாங் ஒரு குற்றம், இது இன்னொன்று. இனி பினாங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று எழுந்தேன்.

அப்பா என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஏன் உட்கார்ந்தார்? பின்னாளில் அம்மாவிடம் சொன்னாராம்: "திட்டத்தான் போனேன். அது ஆடுறதப் பாத்தேன். உக்காந்துட்டேன்."

தவுக்கே அவரைப் புது கஸ்டமர் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு பேர் ஆட்டமா என்று கேட்டு அவரிடம் காசை வாங்கிப் போட்டு பட்டனையும் அமுக்கிவிட்டார். திரையில் கப்பல் வந்து நின்றது. எதை எதனால் அசைப்பது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. எதிரே நான் இருக்கிறேன். கேட்டால் சொல்லப் போகிறேன். ஆனால் எப்படிக் கேட்பார்? பேச்சு நின்றுபோயிருக்கிறதே! அம்மாவும் பாசாரில்.

அப்பா தவுக்கேயிடம் திரும்பி, "தான்யா டியா" என்றார். அவளைக் கேள் என்று அர்த்தம். எதை அமுக்கினால் சுடும் என்று அவளைக் கேள்!

தவுக்கே அப்பாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே மூக்கு.

"இது உன் மகள்தானே?" என்றார் மலாயில்.

"ஆமாம். நீ கேள்."

தவுக்கே நல்லவர். எங்கள் வீட்டு வழக்கம் அவருக்கு என்ன தெரியும், ஆனாலும் கேட்டார். நான் தவுக்கேயைப் பார்த்து, சிவப்பு பட்டன் என்று மலாயில் சொன்னேன். அவர் அதை அப்பாவிடம் மலாயிலேயே சொன்னார். ஒரு மேசை தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழ்த் தகப்பனும் மகளும் நடுவில் ஒரு சீனரை நிறுத்தி மலாயில் பேசிக்கொள்கிறோம். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிவப்பு பட்டன் தெரிந்தும் அப்பாவின் கப்பல் சீக்கிரமே போய்விட்டது. படம் என் பக்கம் திரும்பியது. சில்லறை மாற்ற யாரோ கூப்பிட, தவுக்கேயும் கவுண்டருக்குப் போய்விட்டார். இப்போது நாங்கள் இருவர் மட்டும். நான் ஆட, அப்பா தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மேலிருந்து இறங்கும் எதிரிக் கப்பல் அவர் பக்கத்திலிருந்துதானே புறப்படும்? அதனால் வருவது முதலில் அவர் கண்ணில்தான் பட்டிருக்கிறது.

"பாப்பா! வர்றான் பாரு! சோத்துக்கைப் பக்கம் ஒதுங்கு, ஒதுங்கு!"

ஒரு மாதத்துக்குப் பிறகு பாப்பா என்கிறார்! நான் யோசிக்கவே இல்லை. சோற்றுக்கைப் பக்கம் ஒரே பாய்ச்சல். நேராகக் குண்டில் போய் மோதி வெடித்தேன். எதிரே உட்கார்ந்திருக்கும் அவருக்குச் சோற்றுக்கைப் பக்கம் என்றால் எனக்கு அது இடது கை இல்லையா?

"என்னப்பா நீங்க! அங்கதானே அவன் இருந்தான்!"

"நான் என் சோத்துக்கையச் சொன்னேன்! உன் கையையா சொன்னேன்?"

"ஆடுறது நானா நீங்களா?"

இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம். அப்பா சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது. அதைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது! சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அதைப் பார்க்காத மாதிரி தன் முறையை ஆடினார். உடனே செத்தார்.

பஸ்ஸில் அம்மா முன் சீட்டில் மீன் பையோடு உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் நானும் அப்பாவும். அப்பா மெதுவாகக் கேட்டார்.

"பினாங்குல நீ தங்குற எடத்துக்குப் பக்கத்துல மாதா கோயிலு இருக்கா?"

"தெரியலப்பா. கேக்கணும்."

"கேக்காமக் கொள்ளாம எப்படி? கேட்டுட்டுப் போ."

அவ்வளவுதான் சம்மதம். எங்கள் வீட்டில் இதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள்.

போனேன். மாதம் ஒருமுறை சனிக்கிழமை ஃபெரி பிடித்து, பட்டர்வொர்த்தில் பஸ் மாறி வருவேன். அப்பா டவுனுக்கு வந்து காத்திருப்பார். இரண்டு பேரும் தவுக்கே கடையில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போவோம். எப்படி இருக்கிறாய், சாப்பாடு சரியாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்க மாட்டார். ஆடுவார், தோற்பார், பையை வாங்கிக்கொண்டு நடப்பார். மனிதருக்கு நான் போனது பழகிவிட்டது என்றே நினைத்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஒருமுறை பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. அப்பா இன்னும் வரவில்லை. தவுக்கே என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"உன் அப்பா புதன்கிழமையும் வருவார், தெரியுமா?"

தெரியாது.

"பால் இறக்கிவிட்டு லோரியோடு வருவார். தனியாகத்தான். ஆனால் இரண்டு பேர் ஆட்டத்துக்குக் காசு போடுவார். ஒரு ஆளுக்கு ஒரு காசு போதும் லா என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்பதில்லை. தன் முறையை ஆடுவார். படம் அந்தப் பக்கம் திரும்பியதும் கையைக் கட்டிக்கொள்வார். அந்தக் கப்பல் தானாக வெடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்காரப் போனேன். விடவில்லை. 'அனாக் சாயா' என்றார்."

என் பிள்ளை.

தவுக்கே சில்லறை எண்ணப் போய்விட்டார். நான் கடை வாசலிலேயே நின்றேன். சிறிது நேரத்தில் அப்பா வந்தார், எப்போதும்போல் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பினாங்குக்குத் திரும்பியதும் சிநேகிதியிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன். அடுத்து வந்த புதன்கிழமை சொல்லாமல் கிளம்பி வந்தேன். கடைக்கு வெளியே தோட்டத்து லோரி நின்றது, ரப்பர்ப் பால் வாடையோடு. உள்ளே பகல் நேரத்துக் கடை காலியாக இருந்தது. மேசை மெஷினில் அப்பா மட்டும், காக்கிச் சட்டையில். அப்போதுதான் படம் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் என் கப்பல் தனியாக நிற்கிறது, எதிரிகள் இறங்குகிறார்கள், அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போய் எதிரே உட்கார்ந்தேன்.

எப்போது வந்தாய், ஏன் வந்தாய் என்று எதுவும் இல்லை. தலையைக்கூட முழுதாக நிமிர்த்தவில்லை.

"ஆடு பாப்பா, ஆடு. ஒன் மொறதான்."

அன்று ஆடியதைப் போல் மோசமாக நான் என்றைக்கும் ஆடியதில்லை. கண்ணில் தண்ணீர் நின்றால் எதிரியும் தெரிவதில்லை, கப்பலும் தெரிவதில்லை.