மேலங்கியின் கனம்

என் மனைவியின் சிரிப்பு எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அது மூக்கால் வெளியேறும் ஒரு சிறு காற்று. பேரப்பிள்ளை ஏதாவது உளறினால் வரும். தொலைக்காட்சியில் அமைச்சர் யாராவது வாக்குறுதி கொடுத்தால் வரும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை, ஊர்ப் பாடசாலை மைதானத்தில், பெண்கள் பக்கத்தை மறைத்துக் கட்டியிருந்த படங்குக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்பு எழுந்து, உயர்ந்து, மூச்சு முட்டி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. யாரிந்தப் பெண், வீட்டார் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று நினைத்தேன். இன்னும் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அந்த வீட்டார் நான் என்பது விளங்கியது.

அவளைச் சிரிக்க வைத்தவர் என் சகலன், அவளுடைய தங்கையின் கணவர். ஆலங்குடாவில் கருவாடு காயவைக்கும் வாடி வைத்திருக்கிறார். அன்று அவர் மேடையில் வாள்வீரன் வேடம் கட்டி நின்றார். அந்த வேடம் என்னுடையது.

என்னுடையது என்பதற்கு ஆதாரம் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அரசாங்க உத்தியோகத்துக்குப் போன புதிதில், இதே பாடசாலையின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு நாடகம் போட்டோம். எழுதியது நான், நெறிப்படுத்தியது நான், கதாநாயகன் நான். ஒல்லாந்தக் கொமாண்டரின் அட்டகாசத்திலிருந்து கரையோர மக்களைக் காக்க ஒரு முகமூடி வீரன் வருகிறான். புத்தளத்துத் தியேட்டரில் அதுவரை பார்த்திருந்த வாள்சண்டைப் படங்கள் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருந்தேன். தரையைத் தொடும் கறுப்பு மேலங்கி. மண்டபத்துக் கூரை வளையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோட்டை மதிலிலிருந்து இறங்குதல். சிப்பாய்களை ஒருவர் பின் ஒருவராக வீழ்த்துதல். கடைசியில் கொமாண்டரின் நெஞ்சுக்கு நேரே வாளை நீட்டிக்கொண்டு நீண்ட வசனம். சபை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. என் வசனத்தில் பாதி எனக்கே கேட்கவில்லை.

அந்தச் சபையில் என் மனைவியாகப் போகிறவளும் அவளுடைய தங்கையும் இருந்தார்கள். சில மாதங்களில் அவர்கள் வீட்டிலிருந்து பேச்சு வந்தது. அதற்கு முன் வந்த இடங்களையெல்லாம் வேண்டாமென்றவள், என்னைச் சொன்னதும் ஓம் என்றாளாம். காரணத்தை நான் கேட்கவில்லை. மேடையில் பார்த்திருக்கிறாள், வேறென்ன? பிரதேச செயலகத்தில் நிருவாக உத்தியோகத்தராக ஓய்வுபெறும் வரைக்கும் அந்த நினைப்பு எனக்குத் துணையாக இருந்தது. எந்த அரசியல்வாதியின் ஆள் வந்து மேசையில் அடித்தாலும், என் மனைவி ஒரு வாள்வீரனைக் கண்டு கட்டியவள் என்பதை மனதில் நிறுத்திக்கொண்டு, உரிய படிவத்தை எடுத்து அமைதியாக நீட்டுவேன்.

இந்த மேடையேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பு, நோன்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில், சகலன் எத்தாளையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து பாடசாலையில் நடக்கும் ஒன்றுகூடலில் என் பழைய நாடகத்தை மறுபடியும் போடப் போகிறார்களாம், வீரன் வேடம் தனக்காம். "நானா, நீங்க அச்சொட்டாப் பழக்கித் தரோணும். ஒரு சின்னப் பிழையும் வரப்படாது," என்றார். அண்ணன் முறைக்கு என்னை நானா என்பார்.

அவருடைய வயிற்றைப் பார்த்தேன். கயிற்றின் நிலையை நினைத்தேன். ஆனாலும், தகுதியில்லாத விண்ணப்பதாரரும் முறையாக விண்ணப்பித்தால் ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும்? பின்வளவில் தென்னைகளுக்கு நடுவே அஸர் தொழுகைக்குப் பிறகு பழக்கினேன். எந்தக் காலை முதலில் வைப்பது, நாடியை எவ்வளவு உயர்த்துவது, வாளை உருவும்போது கண் எங்கே போகவேண்டும், எல்லாம். மனிதர் கவனமாகக் கேட்டார். கேள்விகளும் கேட்டார். வாள் உறையிலிருந்து வராவிட்டால் என்ன செய்வது? கயிறு அளவை மிஞ்சி நீண்டுவிட்டால்? அவருடைய அக்கறையை மெச்சி ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு சொல்லிக் கொடுத்தேன்.

மேலங்கியைப் பற்றித் தனியாகச் சொன்னேன். அது வெறும் துணியல்ல. தோளில் கனக்க வேண்டும், யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல. அன்று மேடையில் எனக்கு அந்தக் கனம் நன்றாகத் தெரிந்தது, நான் அந்தக் கனத்தோடுதான் வசனம் முழுவதையும் பேசினேன், வீரனின் நடை அதிலிருந்துதான் வருகிறது என்றேன். சகலனுக்கு இருமல் வந்துவிட்டது. திரும்பி நின்று இருமினார். கிணற்றடியில் நின்ற என் மச்சினிக்கும் அதே நேரத்தில் இருமல் வந்தது. கடல்காற்று என்று நினைத்தேன்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி எடுத்துக் கொடுத்ததும் நான்தான். முதலில் யாரிடம் ஒப்பம் வாங்கி, பிறகு எந்தக் கதவைத் தட்டினால் ஒரே காலையில் காரியம் முடியும் என்பது இந்த ஊரில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அன்று சகலனுடைய புகழ் ஊர் முழுக்கக் கேட்டதென்றால், அது முறையான அனுமதியோடுதான் கேட்டது.

திரை விலகியது. வீரன் மதில்மேல் தோன்றினான். இடது கால் முன்னே, நாடி மேலே, கண் தூரத்தில். நான் பழக்கியபடி ஒரு மயிரிழை பிசகவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு கை இடுப்புக்குப் போய், நான் காட்டிய அதே வளைவில் உயர்ந்து, உறையிலிருந்து வாளை உருவியது. வெளியே வந்தது முழுச் சாவாளைக் கருவாடு. இந்தக் கரையில் வாளைப் போலவே நீண்டு, வெள்ளி போலவே மின்னுவது அது ஒன்றுதான். மைதானமே குலுங்கியது.

கயிறு நீளமாயிருந்தது. வீரன் மெல்ல வந்து தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சவால் விட்டான். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைப் பூனை, யாரும் பழக்காமலே, கருவாட்டின் பின்னால் மேடை ஏறியது. வீரன் அதற்குத் தலைவணங்கி, வாலிலிருந்து ஒரு துண்டை முறித்துக் கொடுத்துவிட்டு, குறைந்துபோன வாளோடு சண்டையைத் தொடர்ந்தான். எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொடுத்தபடி சரியாகத் தொடங்கி, கடைசி அங்குலத்தில் கெடுத்தார். அதுதான் அந்த வித்தை. சரியான அடி எது என்று தெரியாதவன் பிழையான அடி வைத்தால் அது வெறும் தடுமாற்றம். அந்தச் சரியான அடியை அவருக்குக் கொடுத்தவன், முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தான்.

ஆனால் சபையை முழுதாகச் சாய்த்தது வேறொன்று. வீரனின் மேலங்கி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் மாட்டிக்கொண்டது. அவனுக்கு அது தெரியாது. சிப்பாய்களை வெட்டுகிறான், கதிரையும் வருகிறது. கம்பீரமாகத் திரும்புகிறான், கதிரையும் கம்பீரமாகத் திரும்புகிறது. கொமாண்டருக்கு முன்னால் நின்று நீண்ட வசனம் பேசும்போது, அவனுக்குப் பின்னால் கதிரை ஒரு பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. என் மனைவியின் சிரிப்பு எழுந்தது அப்போதுதான். எனக்கு வயிறு எரிந்தது. பழக்கும்போது இது இருக்கவில்லை. கருவாட்டு வியாபாரியின் தலைக்குள் இப்படியொரு யோசனை எங்கிருந்து வந்தது? நானல்லவா இதை யோசித்திருக்க வேண்டும்?

முச்சக்கர வண்டியில் வீடு திரும்பும்போது அவள் முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். குழி விழுந்த ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் வெளியே வந்தது.

அதன்பின் ஊரில் வேறு பேச்சில்லை. பள்ளிவாசல் தலைவர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, சகலனைப் பற்றியே கதைத்தார். பாண் வாங்கப் போனால் கடைக்காரர் சில்லறையை வாளைப் போல நீட்டினார். கைபேசிகளில் அந்த வீடியோ போகாத வீடில்லை. என்னுடைய வீரனை ஊர் மதித்தது, பிறகு மறந்துவிட்டது. இவருடையவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பிழையே விடாத வீரனுக்குக் கைதட்டலாம், அவ்வளவுதான். வாள் கருவாடாகிப்போனதும் சவாலைக் கைவிடாமல் நிற்கிறானே, அவனைப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் தன் வீட்டு ஆளைப் போலத் தோன்றுகிறது. இதையெல்லாம் இரவு பகலாக யோசித்துக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததால் எரிச்சல் குறையவில்லை.

ஒரு பின்நேரம் மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னேன்: மற்றவையெல்லாம் பரவாயில்லை, அந்தக் கதிரை கொஞ்சம் மிகை, கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஒல்லாந்தர் கோட்டைக்குள் பிளாஸ்டிக் கதிரை எப்படி வரும்?

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கதிர அவர்ட யோசனையில்ல," என்றாள். "அது உங்கட."

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு உங்கட நாடகத்தில கயித்தால இறங்கினீங்களே, அப்ப மாட்டினது. மரக் கதிர. நீங்க ஆள் ஆளா வெட்டுறீங்க, அது பின்னால பின்னால வருது. கொமாண்டரே வாயப் பொத்திக்கொண்டுதான் விழுந்து மவுத்தாப்போனார். தங்கச்சி இத தன்ட மாப்பிளைக்கு எத்தின தரம் சொல்லிருப்பா."

ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே என்றேன்.

"உங்களுக்கு ஆர் சொல்ற? நாடகத்தில நிண்ட அத்தின பேரும் உங்களுக்குப் பயம். திரைய மூடின உடனே ஒராள் மெல்லக் கழட்டி எடுத்தத நாங்க கண்டம்."

தோளில் அந்தக் கனம் மறுபடியும் வந்து உட்கார்ந்தது. சபை எழுந்து நின்ற ஆரவாரமும் காதுக்குள் திரும்பி வந்தது. இந்தத் தடவை அது என்னவென்று தெளிவாகவே கேட்டது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்: அப்படியென்றால் எதைக் கண்டு எனக்கு ஓம் சொன்னாய்?

"நானும் தங்கச்சியும் வீடு வரைக்கும் சிரிச்சு உம்மாட்ட ஏச்சு வாங்கின. இந்த மனிசனக் கட்டினா காலம் பூராச் சிரிக்கலாம் எண்டு நினைச்சன்." என் சாரத்தை எடுத்து உதறினாள். "அதுக்குப் பிறகு நீங்க ஒண்டிலயும் மாட்டுப்படல்ல."

குரலில் குறை இருக்கவில்லை. பேருந்து வரவில்லை என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். சாரம் நாலாக மடிந்து அடுக்கில் போய் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து சகலன்மேல் எனக்கிருந்த பொறாமை கொஞ்சம் இடம் மாறியது. அவர் என் மேடையை எடுத்துக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவர் அதைத் திருப்பித்தான் போட்டுக் காட்டியிருந்தார். என் பொறாமை இப்போது கதிரை இழுத்த அந்த இளைஞன் மேல். அவன் ஒன்றும் அறியாமல் ஒரு பெண்ணை வீடு வரைக்கும் சிரிக்க வைத்தான். பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று நான் பட்ட பாடெல்லாம் சேர்ந்து அவளுக்கு அப்படியொரு மாலைப்பொழுதைக் கொடுக்கவில்லை. அந்தக் காட்சியை ஊரில் பார்க்காத ஒரே ஆளும் நான்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சகலன் வந்தார். எலுவன்குளத்திலிருந்து கேட்டிருக்கிறார்களாம், அங்கேயும் ஒருதரம் போட வேண்டுமாம். "கொமாண்டர் சரியில்ல நானா. பாதியில சிரிச்சுப்போடுறான். எனக்குச் சிரிக்காத ஆள் வேணும். ஊர் முழுக்கத் தேடினா நீங்க ஒராள்தான்."

மறுப்பதற்கு என்னிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன: வயது, முழங்கால், வகித்த பதவியின் கண்ணியம். அறைக் கதவுத் திரையின் அடியில் மனைவியின் பாதங்கள் தெரிந்தன. மச்சினி வரவில்லை, அவள் தனியாகத்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொமாண்டர் எப்பிடிச் சாகிறார்?" என்று கேட்டேன்.

"சாவாளையில சறுக்கி, கருவாட்டுக் கூடைக்குள்ள தலைகீழா."

"கூடை மேடைக்கு எந்தப் பக்கம்?"

"இடப் பக்கம்."

"கால் ரெண்டும் வெளிய தெரியோணுமா, ஒண்டு மட்டுமா?"

இதை நான் உண்மையாகவே கேட்டேன். ஒரு காரியத்தில் இறங்கினால் இதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும். திரைக்குப் பின்னால் மூக்கால் ஒரு காற்று வெளியேறியது. பிறகு அது மூக்கோடு நிற்கவில்லை, எழுந்து உயர்ந்தது.

உடனே சகலனின் முகத்தைப் பார்த்தேன், ஏதாவது சேட்டை காட்டினாரா என்று. அவர் பிளேன்டிக் கோப்பைக்குள் மூக்கை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சப்பாத்தோடயா, வெறுங்காலா?" என்றேன்.

உள்ளே அது மூச்சு முட்டி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.