பூஜையிலிருந்து எடுத்த ஷூ

விளையாட்டு டீச்சர் என்றால் தைரியசாலி என்று ஊர் நினைக்கிறது. நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. விசில் ஊதும்போது மட்டும்தான் நடுக்கம் வெளியே தெரியாது. அப்படிப்பட்ட என்னைப் பிடித்துத்தான் பல்கலைக்கழகம், பாலக்காட்டை ஒட்டி ஆலைகள் நிறைந்த கஞ்சிக்கோட்டுக்கு அனுப்பியது. உள்ளூர்த் தொழில்களோடு விளையாட்டுத் துறை உறவை வளர்க்க வேண்டுமாம். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். பாதி இடங்களில் வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்து வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிட்டார்.

கடைசியில் இரும்புக் கம்பி ஆலை முதலாளி ஒருவர் இறங்கி வந்தார். அவர் கோயமுத்தூர்ப் பக்கம், நான் பாலக்காட்டுப் பக்கம் தமிழ் பேசும் நல்லேப்பிள்ளி. பேச்சு ஒட்டிக்கொண்டது. "புள்ளைங்க பனியன்ல நம்ம கம்பெனி பேரு இருக்கோணும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறனுங்க டீச்சர்" என்றார். சொன்னபடியே செய்தார். முட்டை, பால், போக வர வண்டி, ஓடுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆணி வைத்த ஷூ.

அந்தப் பெண்களில் ஒருத்தி மேல் எனக்குத் தனிப் பிரியம். உடும்பஞ்சோலை மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்களின் மகள். தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் நீண்ட ஓட்டம் அவளுடையது. அந்த வருஷம் வெளியூர்ப் போட்டிக்கு எங்களிடமிருந்து தேர்வானவள் அவள் ஒருத்திதான். முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி உண்டு. வராவிட்டால் அவள் படிப்பில் இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் பாக்கி.

போட்டிக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. முதலாளி போன் செய்தார்.

"எங்க மெசினையெல்லாம் பூசைக்கு வெக்கறமுங்க. உங்க புள்ளைக்கு ஆயுதம் ஷூதானுங்களே, அதையும் கொண்டாந்து வெச்சுப்போடுங்க."

காலில் போடுவதைச் சாமி முன்னால் வைப்பதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுத்தால் அவர் மனசு கோணுமே என்ற பயம் கூச்சத்தை முந்திக்கொண்டது. எங்கள் வீட்டில் டிராக்டருக்குப் பூஜை போட்டால், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து அப்போதே ஒரு சுற்று ஓட்டிவிடுவோம். அதே நினைப்பில் அஷ்டமி சாயங்காலம் ஷூவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம்தான் ரயில். காலையில் எடுத்துக்கொண்டால் போயிற்று.

காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு போனால், பூஜை வைத்திருந்த கூடம் பூட்டியிருந்தது. முதலாளி கோயமுத்தூர்ப் பக்கம் என்றாலும் ஆலை தொடங்கிய நாளிலிருந்தே அங்கே மலையாள முறை. அஷ்டமியன்று வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுப்பார்கள். அதுவரை ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொடுவதில்லை. எப்போது எடுப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. எப்போது ரயில் என்று அவரும் கேட்கவில்லை. அவரவர் வழக்கம்தான் உலக வழக்கம் என்று இரண்டு பேரும் இருந்துவிட்டோம்.

உலையில் வேலை செய்யும் ஆட்களுக்கு மேஸ்திரி ஒருவர் உண்டு. அவர் கதவை மறித்து நின்றார்.

"நடுவுல எடுக்கக் கூடாதுங்க டீச்சர். போன வருசம் ஒருத்தன் எடுத்துப்போட்டான். அடுத்த வாரமே எங்காளு ஒருத்தனுக்குக் காலு வெந்து போச்சுங்க. பழுக்கக் காச்சுன இரும்புக்குப் பக்கத்துல நிக்கறவங்க நாங்க."

மிரட்டலாக இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். அவர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். பயத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? என் பக்கத்தில் நின்றவள், "பழசப் போட்டே ஓடிக்கிறேன் டீச்சர்" என்றாள். பழையதன் அடிப்பாகம் பிளந்து கிடந்தது அவளுக்கும் தெரியும்.

சத்தம் கேட்டு வந்த முதலாளி இரண்டு பக்கமும் பார்த்தார். "நம்ம பேரப் போட்டுக்கிட்டுப் போற புள்ள. பிஞ்ச ஷூவுல ஓடுனா நமக்குத்தான் கேவலம். தொறந்து உடுங்க" என்றார். மேஸ்திரி கதவைத் திறந்தார். ஷூவைத் தொட மட்டும் மறுத்துவிட்டார். நானே எடுத்தேன். எல்லா மெஷினும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. வெளியே வந்தபோது ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ரயிலில் அவள் நன்றாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. விஜயதசமியன்று உலையை மறுபடி பற்றவைத்திருப்பார்கள். யாருக்குக் கால் வெந்தது என்று கேட்கப்போகிறோம் என்றே ஒவ்வொரு முறையும் போனை எடுத்தேன். மறுநாள் மைதானத்தில் அவள் ஓடத் தொடங்கியபோதும் என் கண் பாதி போனில்தான் இருந்தது.

கடைசிச் சுற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். தண்ணீர்க் குழியைத் தாண்டிக் கால் ஊன்றியபோது கணுக்கால் மடங்கியது. எழுந்தாள், இரண்டு எட்டு வைத்தாள், உட்கார்ந்துவிட்டாள். எலும்பில் விரிசல்.

திரும்பி வந்து பாலக்காட்டில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் முதலாளியும் மேஸ்திரியும் ஆலை ஆட்களும் நின்றிருந்தார்கள். திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவள் பின்னால் ஒதுங்கினேன். மேஸ்திரி நேராக அவளிடம் போனார். கட்டுப்போட்ட காலுக்கு முன்னால் குனிந்து கும்பிட்டார். "எங்களுக்கு வர வேண்டியதுங்க. இந்தப் புள்ள வாங்கிக்கிச்சு. ஒலையில ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலைங்க டீச்சர்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஆட்கள் சொல்லித்தான் முதலாளி அதன் பிறகு பல்கலைக்கழகத்துக்கே வந்தார். வைத்தியச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. எல்லா விளையாட்டுகளுக்கும் இனி அவர்களே துணை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அடுத்த வருசமும் இந்தப் புள்ளையோட ஷூவையே வெக்கோணுமுங்க. அதே மாதிரி நடுவுலயே எடுத்துக்கோணும். ஆளுங்க ஆசைப்படறாங்க." நகரத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் அதிகாரிகளுக்கு அது ஏதோ நல்ல சடங்காகப் பட்டது. கையெழுத்துப் போட்டார்கள். உறவை வளர்த்துக் கொடுத்தவள் என்று எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

கட்டுப்போட்ட காலை எதிர் நாற்காலியில் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நடுவுல எடுக்க வேணாம்னு சொல்லுங்க டீச்சர். எனக்குப் பயமா இருக்கு."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முதலாளி சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். நானும் சிரித்து வைத்தேன்.