பலித்துத் தொலைத்த ஜோசியம்

உத்தமபாளையத்தில் வேல்பாண்டி நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஹேமாவதிக்கு இருபத்திரண்டு வருட வேலை. சொந்த ஊர் ஓடைப்பட்டி. ஊசி குத்தினால் வலிக்காத கை என்று பெயரெடுத்தவள். ஒரு காலத்தில் அவள் எழுதியதைப் படித்து நூறு பேர் வயிறு வலிக்கச் சிரித்தார்கள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை வேல்பாண்டி வந்து நின்றான். "அக்கா, நாளைக்குத் தேனியில ஒரு மண்டபத்துல காமிக்ஸ் வாசகர் கூட்டமாம். வர்றவுகளுக்கு இலவசமா சுகர் பாக்கணும்னு கேட்டாக. நீங்க போயிட்டு வந்துர்றீகளா?"

ஞாயிற்றுக்கிழமை வேலை என்றாலே முகத்தைத் திருப்புகிறவள், உடனே சரியென்றதில் அவனுக்கே ஆச்சரியம்.

தேனியில் லேப் டெக்னீஷியன் படித்த காலத்தில் பஸ்ஸில் போக வர அவள் படித்ததெல்லாம் காமிக்ஸ்தான். மலிவான தாள், விரலில் ஒட்டும் மை. படித்து முடித்ததும் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கை மாறிவிடும். ராயப்பன்பட்டியில் கணக்கு வாத்தியாராக இருந்த ஸ்டான்லி, காமிக்ஸ் பிரியர்களுக்காக 'கட்டம்' என்று எட்டுப் பக்க ஜெராக்ஸ் மடல் ஒன்றை நடத்தினார். புத்தகத்தை இரவல் தராமல் பீரோவில் பூட்டிவைக்கும் கூட்டம் அப்போதே தலைதூக்கியிருந்தது. அவர்களைக் குத்திக்காட்டத்தான் 1999 டிசம்பர் மடலில் 'அமாவாசை ஜோசியர்' என்ற பெயரில் அவள் கட்டம் பார்த்துப் பலன் எழுதினாள்: இன்னும் இருபத்தைந்து வருடத்தில் காமிக்ஸ் உலகம் எப்படியிருக்கும்? ஏழு பலன்கள். ஏழும் கிண்டல். அதன்பின் கல்யாணம், பிள்ளைகள், வேலை. மடலும் நின்றுபோனது.

மண்டப வாசலில் அவளுக்கு மேசை போட்டிருந்தார்கள். வந்தவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. தொந்தியும் கண்ணாடியுமாக வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் ஒரு கையை நீட்டி, மறு கையால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"மேடம், ரத்தம் புக்குல பட்றாம பாத்துக்கங்க. நாலும் புதுசு."

பாலித்தீன் உறைக்குள் நான்கு தடித்த புத்தகங்கள். தலைப்பு ஒன்றாகவே இருந்தது.

"நாலும் ஒரே கதையா சார்?"

"கதை ஒண்ணுதான். அட்டை நாலு. நாலும் இருந்தாத்தான் செட்டு."

ஹேமாவதிக்கு எங்கேயோ கேட்டது போலிருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

மேடையில் பழனிசெட்டிபட்டிக்காரரான பதிப்பாளர் கர்ணன் மைக்கைப் பிடித்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு ஜெராக்ஸ் தாள். "இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னால அமாவாசை ஜோசியர்னு ஒரு மகான் சொன்னதக் கேளுங்க," என்று வாசிக்க ஆரம்பித்தார்.

"ஒரே கதைக்கு நாலு அட்டை போடுவார்கள். நாலையும் ஒரே ஆள் வாங்குவான்." கைதட்டல்.

"புத்தகம் அம்மிக்கல் கனம் இருக்கும். மல்லாந்து படுத்துப் படித்தால் நெஞ்செலும்பு முறியும்." விசில் பறந்தது.

"குழந்தைகள் ஒன்றும் வராது. வாசகர் கூட்ட வாசலில் சுகர் டெஸ்ட் எடுப்பார்கள்."

மொத்த மண்டபமும் அவளுடைய மேசையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவள் பிடித்திருந்த விரல்நுனியில் ரத்தம் முட்டிக்கொண்டு நின்றது. அந்த விரலின் சொந்தக்காரரும் சிரித்தார்.

வெட்கப்படட்டும் என்று எழுதியதை இவர்கள் பாராட்டுப் பத்திரம் போல வாங்கிக்கொள்கிறார்களே!

"பொய் சொல்லல," என்றார் கர்ணன். "நாலு அட்டை யோசனையே இந்தத் தாள்ல இருந்து எடுத்ததுதான். ஜோசியர் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்துருவேன்."

முன்வரிசையிலிருந்து நரைத்த தலை ஒன்று எழுந்தது. ஸ்டான்லி. "கர்ணா, ஜோசியர் இங்கனதான் இருக்காக. அந்தா, ஊசி குத்திக்கிட்டு இருக்குதே, அந்தப் பிள்ளதான். ஏம்மா ஹேமா, மேல வா!"

கையுறையைக் கழற்றிவிட்டு மேடையேறினாள். சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள்.

"நான் எழுதுனது கேலிங்க," என்றாள். "இப்பிடி ஆயிறக் கூடாதேன்னு எழுதுனது. இதுக்குப் போய்க் கை தட்டுறீக."

மண்டபம் இன்னும் பலமாகச் சிரித்தது. "ஜோசியரம்மா இன்னும் அதே குசும்போடதான் இருக்காக," என்றார் கர்ணன். சிறப்புப் பதிப்பு ஒன்றை அவள் கையில் வைத்து, 2050க்கும் ஏழு பலன் எழுதித் தரவேண்டும், அதைத் தனி அட்டையாகப் போடுவோம் என்றார்.

அவள் அதன் பாலித்தீன் உறையில் நகத்தை வைத்து ஒரே இழுப்பாகக் கிழித்தாள்.

கூட்டத்திலிருந்து "ஐயோ" என்றொரு சத்தம் வந்தது. அவள் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். பஸ்ஸில் படித்த பழைய கதைதான். பளபளக்கும் தாள், புதிய வண்ணம். இருநூற்று மூன்றாம் பக்கம் வந்தது. புரட்டினால் மறுபடியும் அதே இருநூற்று மூன்று. இருநூற்று நான்கு எங்கேயும் இல்லை. கொலைகாரன் யார் என்று தெரிவது அந்தப் பக்கத்தில்தான்.

"இது எப்ப வந்த புக்கு?" என்று கர்ணனிடம் கேட்டாள்.

"ஆறு மாசமாச்சு மேடம். போட்டது அம்புட்டும் வித்துப் போச்சு."

"ஒரு பக்கம் ரெண்டு தடவ இருக்கு. ஒரு பக்கம் இல்லவே இல்ல. யாரும் சொல்லலையா?"

கர்ணன் வாங்கிப் பார்த்தார். முகம் சற்று வெளுத்து, உடனே தேறியது. "யாரும் பிரிச்சிருக்க மாட்டாக மேடம்," என்றார் மெதுவாக.

படியிறங்கியபோது ஸ்டான்லி கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாவது பிரிச்சீகளா சார்?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்து, உறை பிரிக்காத புத்தகம் எட்டிப்பார்த்த தன் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அச்சுப்பிழைக்கெல்லாம் மூன்று பக்கம் கடிதம் எழுதிய மனிதர். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு மேசைக்குத் திரும்பி, மீதமிருந்த முப்பத்தெட்டு பேருக்கும் விரலைக் குத்தி முடித்தாள்.

மூன்று வாரம் கழித்து ஸ்டான்லி போன் செய்தார். குரலில் பரபரப்பு.

"ஹேமா, அந்தப் பக்கம் மாறுன புக்கு இப்ப அபூர்வப் பதிப்பாகிப் போச்சும்மா. சென்னையில இருந்தெல்லாம் கேக்குறாக. அதுலயும் உன்னோடது ஜோசியர் கையால பிரிச்ச புக்கு. பத்திரமா வச்சிருக்கேல்ல?"

புத்தகம் அவள் மேசை டிராயரில் கசங்காமல்தான் கிடந்தது.

"அட்ட கிழிஞ்சு போச்சு சார். உள்ள ரெண்டு தாளும் காணோம்," என்றாள்.

"ஐயையோ!" அடிவயிற்றிலிருந்து வந்த அலறல். "எப்பிடிம்மா? எப்பிடி இப்பிடி ஆச்சு?"

போன வருடம் அவள் அம்மா இறந்தபோதும் இதே மனிதர் போன் செய்தார். அன்றைக்கு ஒரு வார்த்தை விசாரித்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஹேமாவதி போனை வைத்துவிட்டு, வாசலில் காத்திருந்த அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டாள்.