தொப்பையைச் சுற்றி வந்த அடி

எங்கள் கோல்ஃப் மைதானத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. உறுப்பினர்கள் வரமாட்டார்கள். அன்று காலை மட்டும் வேலை செய்கிற நாங்கள் ஆடலாம். புல் வெட்டுகிறவர்கள், பை தூக்குகிறவர்கள், கேன்டீன்காரர்கள் என்று ஆசை இருக்கிறவர்கள் வருவார்கள். உறுப்பினர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய மட்டைகள்தான் எங்களுக்கு.

நான் இருபது வருடம் பை தூக்கினேன். கடந்த பன்னிரண்டு வருடமாக முதல் குழிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, யார் யாருடைய பையைத் தூக்க வேண்டும் என்று சீட்டுக் கொடுக்கிறேன். நடந்த காலத்தில் அறுபத்தெட்டு கிலோ இருந்தேன். நாற்காலி என்னைத் தொண்ணூற்றாறு ஆக்கியது.

வருடத்துக்கு ஒருமுறை, ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு மைதானத்து வேலையாட்களோடு எங்களுக்குப் போட்டி. எங்களில் நான்கு பேர், அவர்களில் நான்கு பேர், ஆளுக்கு ஆள். பதினெட்டுக் குழியும் சொந்தப் பையைச் சுமந்து நடந்தே ஆட வேண்டும். பல வருடமாக அந்த நால்வரில் நான் ஒருவன். போன வருடம் பதின்மூன்றாவது குழிக்கு ஏறும் மேட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஒரு பந்தும் நேராகப் போகவில்லை. கால் நடுங்கும்போது கை எப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கும்?

எங்கள் அணிக்கு ஆள் பொறுக்குகிறவர் புல் வெட்டும் வண்டி ஓட்டுபவர். என்னைவிட ஐந்து வயது சின்னவர். இந்தத் தெலுங்கு ஊரில் என்னைப் போல அவரும் தமிழர்தான், ரயில்வே பட்டறைக்காரர் மகன். போட்டி முடிந்த மறுவாரம் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"அடுத்த வருஷம் நீங்க ஸ்கோர் எழுதுங்கண்ணா. வண்டில குந்திக்கினே வரலாம். வெயிலும் படாது."

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை. கூட்டத்தில் வாய் திறந்து பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லோத்குண்டாவில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஸ்கோர் எழுதுகிறவரை ஏற்றிக்கொண்டு போகும் அந்த பேட்டரி வண்டியில் ஏறுவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் முட்டாள்தனம் செய்தேன். ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன், காலையில் வெறும் டீ. மூன்றாம் வாரம் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே கண் இருட்டியது. விஷயம் தெரிந்ததும் என் மனைவி தட்டில் சோள மாவில் தட்டிய இரண்டு ஜொன்ன ரொட்டியும் கீரையும் வைத்து, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பட்டினி கெடந்தா பந்து ஓடுமா? துன்னுட்டு நட."

நடந்தேன். விடிவதற்கு முன் ராணுவக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போய்த் திரும்புவேன். முதல் மாதம் சுவரின் பாதிகூடப் போக முடியவில்லை. பிறகு வீட்டில் கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சி. என் மகள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று எண்ணுவாள். நான் ஏமாற்றினால் மறுபடி ஒகட்டியிலிருந்து தொடங்குவாள்.

ஒன்பது மாதத்தில் பதினேழு கிலோ குறைந்தது. பதின்மூன்றாவது மேட்டில் நிற்காமல் ஏறினேன். ஆனால் பந்து?

பந்து கெட்டுப்போனது. பச்சையாகச் சொன்னால், தொண்ணூற்றாறு கிலோவில் அடித்த அளவுகூட அடிக்க முடியவில்லை. மட்டையின் நுனியில் பட்டு வலது பக்கப் புதருக்கே ஓடியது. நான்கு திங்கட்கிழமை இப்படியே போயிற்று. என் ஆட்டமெல்லாம் தொப்பைக்குள்தான் இருந்தது, அதையும் சேர்த்துக் கரைத்துவிட்டேன் என்று கேன்டீனில் சிரித்தார்கள். வண்டி ஓட்டுபவர் சிரிக்கவில்லை. ஒரு பொட்டலம் பிரியாணி வாங்கி வந்து என் மேசையில் வைத்தார்.

"துன்னுங்கண்ணா. ஒரு அஞ்சு கிலோ திரும்ப ஏத்துங்க. அடி தானா வந்துடும்."

அவர் நிஜமாகவே அப்படி நம்பினார். எனக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது. பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கெட்டுப்போன ஆட்டத்தோடு இருந்தாலும் இருப்பேன், மறுபடி அந்த உடம்புக்குள் போகமாட்டேன்.

அடுத்த திங்கள் வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. பந்துக்கு முன்னால் குனிந்து நின்றவன் புல்லில் என் நிழலைப் பார்த்தேன். என் வயிற்றுக்கும் மட்டையைப் பிடித்த கைக்கும் நடுவில் இரண்டு சாண் வெளிச்சம். அந்த இடத்தில் முன்பு தொப்பை இருந்தது. பன்னிரண்டு வருடமாகப் பந்தைவிட்டுத் தள்ளி நின்று, கையை நீட்டி, தொப்பையைச் சுற்றிக்கொண்டு அடிக்கப் பழகியிருக்கிறேன். தொப்பை போய்விட்டது. சுற்றிக்கொண்டு போகும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அரை அடி முன்னால் வந்து நின்றேன். கை உடம்பை ஒட்டித் தொங்கியது, இடுப்பு முழுசாகத் திரும்பியது. பந்து மட்டையின் நடுவில் பட்ட சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது. முன்பு விழும் இடத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் தள்ளி நிற்கும் காலை முன்னால் நகர்த்தி நகர்த்தியே பழகினேன்.

இந்த வருடத்து நால்வர் ஏற்கெனவே முடிவாகியிருந்தார்கள். நாலாவது ஆளோடு என்னை ஒரு ஆட்டம் ஆடவிடச் சொல்லிக் கேட்டேன், ஜெயிக்கிறவருக்கு அந்த இடம். அதைக் கேட்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நாலாவது ஆள் கிடங்குக் காவல்காரர், முப்பத்தைந்து வயது, மூங்கில் மாதிரி ஒல்லி. வண்டி ஓட்டுபவர் சரி என்றார். வயதுக்கு மரியாதையாக நான் முன்னால் இருக்கும் மேட்டிலிருந்து தொடங்கட்டும் என்றார், வயதானவர்கள் முதல் அடி அடிக்கும் மேடு அது, குழிக்குத் தூரம் குறைவு.

"நக்கோ" என்றேன். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுச் சொல், அவ்வளவுதான் வந்தது வாயில்.

எல்லோரும் தொடங்கும் பின்மேட்டிலிருந்தே அடித்தேன். பதினெட்டுக் குழி முடிந்தபோது இருவருக்கும் ஒரே எண்ணிக்கை. வண்டி ஓட்டுபவர் காசு சுண்டலாம் என்று பாக்கெட்டில் கை விட்டார். வேண்டாம், இன்னும் ஆடலாம் என்றேன். காவல்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவர் பீடி பிடிப்பவர், வேலை நேரம் முழுக்க வாசலில் உட்கார்ந்திருப்பவர். ஒல்லியாக இருப்பது வேறு, தெம்பு வேறு.

முதல் குழியிலிருந்து மறுபடி தொடங்கினோம். பத்தொன்பதாவதாக ஆடியதும் சமம். இருபதாவதில் குழிக்கு நாலடி தூரத்தில் அவர் பந்து நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டே தட்டினார். பந்து விளிம்பைத் தொட்டு விலகியது. என் பந்தும் அதே தூரத்தில்தான் கிடந்தது. என் மூச்சு எனக்கே கேட்கவில்லை. தட்டினேன், விழுந்தது.

காவல்காரர் கை கொடுத்தார். வண்டி ஓட்டுபவர் காகிதத்தை எடுத்து நாலாவது பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். முதல் எண்ணில் ஆடுகிறவர்தான் எதிரணியின் முதல் ஆளோடு மோத வேண்டும், நாலாம் எண்ணில் பாரம் குறைவு. அது எல்லோருக்கும் தெரியும்.

"நாலுல வேணாம். ஒண்ணுல போடு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோத்துடுவீங்கண்ணா. அவன் பெரிய ஆளு."

"தோத்தா தோக்கறேன். போடு."

காகிதத்தைத் தொடையில் வைத்து மறுபடி எழுதினார். போட்டிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.