பச்சை மூடிக் குழாய்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், நோயாளிகளின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் கண்ணாடியக்காவின் வேலை. சில மருந்துகள் அப்படி. கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது. கொஞ்சம் கூடினால் ஆளையே சாய்த்துவிடும். மேலே டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுப் பேர் வாங்கிக்கொள்வார்கள். கீழே அக்கா தடித்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எண்களோடு மல்லுக்கட்டுவாள். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. கல்யாணம் கூடிவரவில்லை. வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்துவிட ஆளில்லை.

மனநலப் பிரிவிலிருந்து வரும் இரத்தத்தில் பெயர் இருக்காது, லேப் எண் மட்டும். அதில் 2208 அக்காவுக்கு நெருக்கம். சிரிக்காதீர்கள், உண்மைதான். ஒன்பது வருஷமாக மாதத்தின் முதல் செவ்வாய் தவறாமல் வருவாள். பெண், அக்காவின் வயதேதான். லித்தியம் மாத்திரை. அளவு 0.7 அல்லது 0.8. அதைப் பார்த்ததும், "நல்லா இருக்கியாடி?" என்று அக்கா வாய்க்குள்ளேயே கேட்டுக்கொள்வாள். அவள் வேறு யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை, அவளிடமும் யாரும் கேட்பதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை 0.1 வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டார், வீட்டைவிட்டுப் போய்விட்டார், மூன்றாம் நாள் ரயில் பாதை ஓரமாகக் கண்டுபிடித்தார்கள் என்று சீட்டில் டாக்டர் கிறுக்கியிருந்தார். அன்றைக்கு அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தச் செவ்வாய் வந்தது 3.1. அக்கா அதையே மெஷினில் மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள், அதே 3.1. உயிருக்கே உலை வைக்கிற அளவு. உடனே போனில் சொல்லியாக வேண்டும், சொன்னாள்.

"அந்த நம்பர் சீட்டோட அவங்க இப்ப என் முன்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க. மாத்திரைய இன்னியோட நிறுத்திடறேன்," என்றார் டாக்டர்.

"ஆள் எப்படி இருக்காங்க டாக்டர்? கை நடுங்குதா, பேச்சு குழறுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா நடந்துதான் வந்தாங்க. ஆனா நம்பர் இப்படி இருக்கே."

"பத்து நிமிஷம் பொறுங்க. நிறுத்திடாதீங்க."

அந்த அளவு உள்ள மனுஷி நடந்து வர முடியாது. போன வாரத்திலிருந்து ஒரு புது ஏற்பாடு: இரத்தத்தை மேலேயே சுழற்றி, தெளிந்த நீரை மட்டும் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அனுப்புகிறார்கள். எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்று கீழே இருப்பவளுக்குத் தெரிய வழியில்லை. அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள்.

இரத்தம் எடுக்கும் நர்ஸ் நிதானமாகச் சொன்னாள்: "சிவப்பு மூடிக் குழாய் தீர்ந்துபோச்சுக்கா. பச்சைல எடுத்தேன். எதுல எடுத்தா என்ன, ரத்தம்தானே?"

பச்சை மூடிக் குழாயின் உள்பக்கம், இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பூச்சு உண்டு. அந்தப் பூச்சிலேயே லித்தியம் இருக்கிறது. அக்கா அளந்தது நோயாளியின் லித்தியத்தை மட்டும் அல்ல, குழாயின் லித்தியத்தையும் சேர்த்து.

சாம்பிள் போதவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி, காதும் காதும் வைத்த மாதிரி மறுபடி எடுத்திருக்கலாம். ஆனால் முதல் எண் பொய் என்று தெரியாவிட்டால், அடுத்த எண் வருவதற்குள் டாக்டர் மாத்திரையில் கை வைத்துவிடுவார். அக்கா நேராக அவர் அறைக்குள் போய், "தப்பு எங்களோடது," என்று முழுவதையும் சொன்னாள். சிவப்பு மூடிக் குழாயைத் தேடிப் பிடித்து மறுபடி எடுத்தார்கள். 0.8.

2208 காதோரம் நரைத்த, ஒல்லியான பெண். பக்கத்தில் அண்ணன்.

"அப்ப மாத்திரைய நிறுத்த வேண்டாமா?" என்று அவள் அக்காவிடம் கேட்டாள்.

"வேண்டாங்க. வேண்டவே வேண்டாம்."

ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"எதுல ரத்தம் எடுக்கணும்னே தெரியாத இடத்துல என் தங்கச்சிய எப்படிம்மா நம்பி விடறது? எழுந்திரு பாப்பா. அடுத்த மாசத்துலேர்ந்து வேற இடம் பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் அக்காவுக்கு வலித்தது.

அடுத்த மாதம் 2208 வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்ததுதான் மிச்சம். மூன்றாம் மாதம் மனசு கேட்கவில்லை. மனநலப் பிரிவுக்குப் போன் போட்டாள். குமாஸ்தா எடுத்தார்.

"ஒரு பேஷண்ட் நல்லா இருக்காங்களான்னு கேக்கணும். 2208."

"அது உங்க லேப் நம்பருங்க, எங்ககிட்ட அதுல தேட முடியாது. பேர் சொல்லுங்க, பாக்கறேன்."

அக்கா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள், அதில் எண் மட்டும்தான்.

"பேர் தெரியாதுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.