பன்னிரண்டு வேலிக்கம்புகள்

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த அந்தப் பூங்காவை அமைத்த அதிகாரிகளுக்கு ரோஜா மேல்தான் ஆசை. உப்புக்காற்று முகத்தில் அறைகிற இடத்தில் ரோஜா. யார் போய்ச் சொல்வது? காற்றை மறைக்க வலைவேலி கட்டச் சொன்னார்கள். தோட்ட வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த சத்தியபாய், வந்து இறங்கிய பன்னிரண்டு பூவரசங்கம்புகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

கம்பைக் காயவைத்து, பட்டை உரித்து நட வேண்டும் என்பது உத்தரவு. அவர் பிறந்த குழித்துறைப் பக்கம் வேலிக்கம்பை யார் காயவைக்கிறார்கள்? ஊர்ப் பழக்கத்தில் பச்சையாகவே நட்டுவிட்டார். மேஸ்திரியிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

ரோஜா ஓர் ஆடி மாதம்கூடத் தாங்கவில்லை. அடுத்துப் புல்தரை போட்டார்கள், கருகியது. நீரூற்று வைத்தார்கள், குழாய் துருப்பிடித்தது. கம்புகள் மட்டும் துளிர்த்தன. தினமும் வெயில் ஏறும் முன், இலையில் படிந்த உப்பை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார் சத்தியபாய். கணவர் இறந்தபோது மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்ததும் முதல் வேலை அதுதான்.

இருபத்திரண்டு வருடம் போயிற்று. போன வருடம் பூங்கா முழுக்க ஓடு பதிக்கும் திட்டம் வந்தது. வரைபடத்தில் மரமே இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் ஜெரிஷ் ரம்பத்தோடு வந்து நின்றான். சத்தியபாய் ஓடிப்போய் அவன் முன்னால் நின்றார்.

“மக்கா, மரத்த வெட்டணும்னா உத்தரவு வேணும், கேட்டியா?”

“மரம் எங்க அக்கா இருக்கு? பைலுல பன்னெண்டு வேலிக்கம்புன்னுதான் கெடக்கு. கம்ப எடுக்க எதுக்கு உத்தரவு?”

சத்தியபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“செரி, கம்பாவே இருக்கட்டும். நான் ஒப்பு போட்டு வாங்கின சாமானாக்கும். வெட்டப்பிடாது. பன்னெண்டையும் முழுசா உருவித் தா. திருப்பி ஒப்படைக்கணும்லா.”

ஜெரிஷ் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து அசைத்துக்கூடப் பார்த்தான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பொறியாளர் வந்து பைலைப் புரட்டினார். கையெழுத்து அப்படியே இருந்தது. மரம் என்றால் உத்தரவு வேண்டும், கம்பு என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். எதற்கு வம்பு என்று வரைபடத்தில் பன்னிரண்டு வட்டம் போட்டுவிட்டுப் போனார்.

திறப்பு விழாவுக்கு வந்த பெரிய அதிகாரிக்கு நிழல் பிடித்துவிட்டது. இவ்வளவு மரத்தையும் நட்டது யார் என்று கேட்டார். எல்லோரும் சத்தியபாயைக் காட்டினார்கள்.

“மரம் ஒண்ணும் நடல்ல சாரே,” என்றார் அவர். “வேலி கெட்டச் சொன்னாவ, கெட்டினேன். பட்டைய மட்டும் உரிக்கல்ல.”