குறுக்கே நடக்கும் கனிஷ்கா

"இந்தப் பயிற்சி முடியறப்போ உங்க பொண்ணு என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க." பயிற்சி மையத்தில் முதல் நாள், தெரபிஸ்ட் என்னிடம் கேட்டது இது.

நடக்க வேண்டும் என்றுதான் வாயில் வந்தது. எங்கே, எவ்வளவு தூரம், எதைப் பிடித்துக்கொண்டு என்று எனக்குள்ளேயே அடுத்தடுத்துக் கேள்விகள். அதிகம் கேட்டால் பேராசை. குறைத்துக் கேட்டால் அவளை நானே கைவிட்டதாகிவிடும். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றேன்.

கனிஷ்கா குறைமாதத்தில் பிறந்தவள். டயபர் மாற்றும்போது அவளுடைய கால்களை விலக்க முடியாது. கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். தூக்கி நிறுத்தினால் நுனிவிரலில் நிற்பாள். சொந்தக்காரர்கள் "டான்ஸ் ஆடப் போறா" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சேலத்தில் குழந்தை மருத்துவர் சிரிக்கவில்லை. செரிப்ரல் பால்சி (மூளை வளரும் காலத்தில் ஏற்பட்ட காயத்தால் தசைகள் கட்டுப்பாட்டை இழப்பது) என்றார். அவளுக்கு இரண்டு கால்களிலும் ஸ்பாஸ்டிசிட்டி (தசைகள் தாமாகவே இறுகிக்கொள்வது). "இது இதுக்கு மேல அதிகமாகாதுங்க, ஆனா தானாக் கொறையவும் கொறையாது. பயிற்சிதான் வழி" என்றார். அதிகமாகாது என்ற பாதியை மட்டும் பல நாள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஐந்து வயதானபோது சேலத்தில் ஒரு மையத்தில் தீவிரப் பயிற்சிக்குச் சேர்த்தோம். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் என்பதல்ல இது. சில வாரங்கள் தினமும் காலையில் போய், பகல் முழுக்கப் பயிற்சி எடுத்து, மாலையில் வீடு திரும்ப வேண்டும். இரவு அங்கேயே தங்க வைக்கமாட்டார்கள். கைகால் அடிபட்டுத் தேறி வரும் பிள்ளைகளும் அங்கே வந்தார்கள்.

என் கணவர் சேலத்துக்கு மேலே மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். வேலையாட்களின் வருகை, காப்பிப்பழ எடை எல்லாம் அவர் கணக்கில் இருக்கும். எங்கள் குடியிருப்பு மேலே, பஸ் நிற்கும் ரோடு கீழே. நடுவில் காப்பிச் செடிகளின் ஊடாக ஒரு சரிவு. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாவற்றிலும் என் மடியில் வாந்தி எடுத்துவிட்டு, சேலத்தில் இறங்கியதும் "பசிக்குது" என்பாள் கனிஷ்கா.

அந்தச் சரிவைப் பற்றித்தான் வீட்டில் சண்டை. என் மாமியார் சேலத்திலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். "தரை நல்லா சமமா இருக்குது. ஊட்டு வாசல்லயே பஸ்ஸு. நொம்ப சவுகரியம். மலையில வச்சுக்கிட்டு இந்தப் புள்ளைய என்ன பண்ணப் போற?"

"அவ பொறந்த எடம் அத்தை. அவருக்கும் வேலை இங்கதானுங்களே."

"வேலையப் பாப்பியா, புள்ளையப் பாப்பியா?"

என்னிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் இரவெல்லாம் தூக்கம் வராது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ?

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் அவளைச் சரிவுக்குக் கூட்டிப்போவார். காலில் ஸ்பிளின்ட் (கணுக்கால் வளையாமல் தாங்கும் பிளாஸ்டிக் உறை), இரண்டு கையிலும் தடி. பழம் பறிக்கிறவர்கள் மூட்டையோடு சரிவில் நேராக இறங்கமாட்டார்கள். குறுக்கே கொஞ்சம் போய், திரும்பி, மறுபடி குறுக்கே போவார்கள். அதையே இவளுக்கும் சொல்லிக்கொடுத்தார். "நேரா எறங்குனா மலை உன்னைத் தள்ளும் சாமி. குறுக்கால போ."

"மையத்துல நேரா நடக்கத்தானுங்க சொல்லித் தர்றாங்க" என்பேன் நான்.

"அவங்க தரை வேற, நம்ம தரை வேற புள்ள" என்பார்.

பாதிப் பயிற்சி முடிந்ததும் ஒரு மதிப்பீடு வைத்தார்கள். கூடத்தின் தரையில் மஞ்சள் நாடா ஒட்டி இரண்டு கோடுகள். நடுவில் நடந்து வர வேண்டும். கனிஷ்கா நாலு எட்டு வைத்தாள், கோட்டைத் தாண்டினாள். நின்று, திரும்பி, எதிர்க்கோட்டையும் தாண்டினாள். மறுபடி நடக்கச் சொன்னார்கள். மறுபடியும் அப்படியே.

மறுவாழ்வு மருத்துவர் அவளைப் படுக்க வைத்துத் தொடைகளை விரித்துப் பார்த்தார். "வலது பக்கம் இறுக்கமா இருக்குது, அதான் கோட்டை விட்டு விலகறா போல. இடுப்பு மூட்டு நழுவுதான்னு பார்க்கணும்." தசை இறுக்கம் உள்ள பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலை அதன் குழியிலிருந்து மெல்ல விலகலாமாம். "எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. நடைப் பயிற்சியை நிறுத்திடலாம். தேவைப்பட்டா ஆபரேஷன். அப்புறம் அம்மா, அந்தச் சரிவுல நடக்க விடாதீங்க. கீழ ஒரு வீடு பார்த்துக்கறது நல்லது."

மாமியார் சொன்னபோது மறுத்துப் பேச முடிந்தது. மருத்துவர் சொன்னதும் தலையாட்டிவிட்டேன். சாமான்களை எப்படிக் கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். வேறு எதுவும் பேசத் தோன்றாமல் கேட்டேன். "ஏன் கண்ணு கோட்டைத் தாண்டித் தாண்டிப் போன?"

"அப்பாதான் குறுக்கால போகச் சொன்னாரு."

"அது நம்ம சரிவுலடி. இங்க தரை சமமா இருக்குதில்ல?"

அவள் தரையைக் குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்கு எல்லாத் தரையும் சரிவாத்தான் இருக்குது."

அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி, கால் நீவி, அவளுடைய உடம்பை முழுக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் நிற்கும் இடத்தில் நான் ஒருநாளும் நின்றதில்லை. அவளுக்குக் கூடத்துப் பளிங்குத் தரையும் தள்ளும் மலைதான். தள்ளும் மலையில் எப்படிப் போக வேண்டுமோ அப்படிப் போயிருக்கிறாள்.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு நேராகத் தெரபிஸ்டிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம்மா. ஆனா இங்க சரிவு இல்லையே, எப்படிப் பார்க்கறது?"

"பின்னால ஸ்ட்ரெச்சர் தள்ளற சாய்வு இருக்குதுங்களே."

"அது நோயாளிங்க போற வழிம்மா."

"இவளும் நோயாளின்னுதானுங்க இத்தனை நாளாக் கூட்டிட்டு வர்றேன்."

என் குரல் அவ்வளவு உயர்ந்ததில் எனக்கே பயம். தப்பாகப் பேசிவிட்டேனோ? ஆனாலும் நகரவில்லை. அவர் மருத்துவரையும் அழைத்து வந்தார்.

கனிஷ்கா சாய்வில் ஏறினாள். குறுக்கே போய்க் கைப்பிடிச் சுவரைத் தொட்டாள். தடியை ஊன்றித் திரும்பினாள். மறுபடி குறுக்கே. மேலே காலி ஸ்ட்ரெச்சரோடு வந்த ஆள் நின்றுவிட்டார்.

"ஏஞ் சாமி, வண்டிக்கு வழி உடு."

"இருங்க, திரும்பிக்கறேன். நேரா வந்தீங்கன்னா விழுந்துருவீங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

"ஆமா. குறுக்கால வாங்க."

மருத்துவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பு நழுவியிருந்தால் ஒரு பக்கம் அதிகமாகச் சாய்வாளாம்; இவள் வலதுபக்கம் போகும்போதும் இடதுபக்கம் போகும்போதும் ஒரே அளவுதான் சாய்ந்தாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பின் தலை அதன் குழியில்தான் இருந்தது.

"நடைப் பயிற்சி தொடரட்டும். இந்தச் சாய்வையும் சேர்த்துக்குங்க" என்று தெரபிஸ்டிடம் சொன்னார். பிறகு என்னிடம்: "இப்ப மூட்டு நல்லா இருக்கு. வளர வளர எப்படி இருக்கும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா. அப்பப்போ படம் எடுத்துப் பார்க்கணும். சமதரை வீடுன்னா எனக்கு நிம்மதிதான்."

"நாங்க எறங்கி வர்றதா இல்லைங்க மேடம். சரிவுல நடக்க இவளுக்குச் சொல்லிக் குடுங்க."

அன்று மாலை மாமியாரிடமும் இதையே சொன்னேன். "டாக்டரையே எதுத்துப் பேசிட்டு வந்திருக்கறா உம் பொண்டாட்டி" என்று மகனிடம் குறைபட்டார். என் கணவர் சிரித்தார். "எங்கிட்டப் பேசறத விடக் கம்மியாத்தான் பேசியிருப்பா." மாமியார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பயிற்சி முடிந்துவிட்டது. கனிஷ்கா இப்போது கோடுகளுக்கு நடுவிலும் நடக்கிறாள், சிடுசிடுத்துக்கொண்டு. வீட்டிலிருந்து ரோடு வரை தானே இறங்குகிறாள். நான் ஓட்டமாக இறங்கிவிடும் வழியில் அவள் இறங்கி முடிப்பதற்குள் ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வந்துவிடும். முன்பெல்லாம் அந்த நேரம் எனக்கு வீண். இப்போது அவளுக்கு ஓர் அடி முன்னால், பக்கவாட்டில் இறங்குகிறேன். என் முழங்கால்கள் எப்போது மடிகின்றன, குதிகாலில் எப்போது பாரம் ஏறுகிறது என்று தெரிகிறது. சேலம் கடைவீதியின் சமதரையிலும் என் கால் சற்றுக் குறுக்கே போய்விடுகிறது.

ஆனால் பயம் போகவில்லை. மருத்துவரால் உறுதி சொல்ல முடியாததை நான் பிடிவாதத்தால் முடிவு செய்துவிட்டேனோ என்று, எக்ஸ்ரேக்குப் போகும் ஒவ்வொரு முறையும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட பிள்ளையை மலையில், சரிவில் வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உயரம் கூடும் வயதில் இடுப்பு தாங்கியதா? மழைக்காலச் சேற்றில் ஸ்பிளின்ட்டின் மேல் என்ன செருப்பு போட்டீர்கள்? விழும்போது எதுவரை பிடிக்காமல் விட்டீர்கள்? உங்கள் பிள்ளை தப்பாகச் செய்தது, நீங்கள் தப்பாகச் செய்தது, எல்லாம் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன். கீழே குடிவந்துவிடுங்கள் என்பதை மட்டும் எழுதாதீர்கள்.